நடுவீட்டில் ஒரு ராத்திரி

ஒசாகா
18 நவம்பர் 2024

பாசமுள்ள அக்காவுக்குத் தம்பி கார்த்தி எழுதுவது. நான் சுகம். நீ, மாமா, கவியா மூவரும் சுகம்தானா?

காகிதத்தில் கடிதம் எழுதி எத்தனையோ வருஷம் ஆகிறது. என்ன செய்வது, நீ என் போனை எடுப்பதில்லை. வாட்ஸப்பிலும் பிளாக் செய்துவிட்டாய். மாமாவுக்குப் போட்டால், "அவ பேச மாட்டா, வுட்டுடு" என்று வைத்துவிடுகிறார். அதனால்தான் போஸ்டாபீசுக்குப் போனேன்.

நடந்ததை நீ இன்னும் என் வாயால் கேட்கவில்லை. மெட்ராஸிலிருந்து எங்கள் டிராவல்ஸ் கூட்டி வந்த முப்பது பேரில் அம்மாவும் ஒருத்தி, நான் அவர்களுக்கு வழிகாட்டி. அது உனக்குத் தெரியும். கியோத்தோவில் நன்றாகத்தான் இருந்தாள். அங்கே ஒரு கோயிலில் கல்லில் செய்த நரிகளுக்குக் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருப்பார்கள். "நரிக்குக்கூட துண்டு போட்டு மரியாதை பண்றாம் பாரு" என்று சிரித்தாள். கோயா மலையில் கோயில் சத்திரத்தில் தங்கினோம். நாராவில் பெரிய புத்தர் கோயில் வாசலில் மான்களுக்கு பிஸ்கட் போட்டுக்கொண்டே உட்கார்ந்தவள், பிறகு எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மறுநாள் மத்தியானம் போய்விட்டாள். கஷ்டப்படவில்லை அக்கா, அதை மட்டும் நம்பு.

உடம்பை ஊருக்கு அனுப்பும் பேப்பர் வேலைக்கு ரொம்ப நாள் ஆகும் என்றார்கள். அதனால் இங்கேயே காரியத்தை முடித்தேன். எலும்பு ஒரு பெட்டியில், வெள்ளைத் துணி சுற்றி, என் அறையில் இருக்கிறது. ஒரு தரம் போனை எடு. திட்டுவதற்காகவாவது எடு.

இப்படிக்கு,
உன் தம்பி கார்த்தி


வேடந்தாங்கல்
2 டிசம்பர் 2024

கார்த்திக்கு ஜோதிலட்சுமி எழுதுவது. நீ சுகம் என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம். இங்கே அம்மாவைத் தவிர எல்லோரும் சுகம்.

போனை எடுக்க மாட்டேன். உன் குரலைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிகிறது. எழுத வேண்டுமானால் எழுது, படிப்பேன்.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்தது. பெற்ற பிள்ளை கல்லுக் குண்டாக இருக்க, பங்காளி வீட்டு மோகன் மொட்டை போட்டுக்கொண்டான். முகம் பார்க்காத சாவுக்கு எப்படியடா அழுவது? ரேஷன் கார்டுக்கு எடுத்த போட்டோவைப் பெரிசாக்கி வைத்து அழுதோம். வந்த சனமெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டது: "ஒத்தப் பையன், ஆத்தாள அங்கியே கொளுத்திட்டானாமே?" ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவளுக்கு இந்த வயசில் ஊர் சுற்றல் வேண்டாம் என்று அன்றைக்கே தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். நீதான் கேட்கவில்லை.

எலும்பை அறையில் வைத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். உனக்குப் புத்தி பிசகிவிட்டதா? செத்தவர் எலும்பு வாசப்படி தாண்டக் கூடாது. அப்பாவுடைய சட்டியைப் புங்கமரத்தில் கட்டித் தொங்கவிட்டு, அங்கிருந்துதானே மகாபலிபுரம் கடலுக்கு எடுத்துப் போனோம்? நீதானே மரம் ஏறிக் கட்டினாய்? உடனே அனுப்பி வை.

புயலில் இங்கே ஒரே மழை. ஏரி நிரம்பிவிட்டது. அம்மாவின் அறையைக் காலி செய்துவிட்டோம். மாமாவின் வண்டி டயரும் தார்ப்பாயும் நனைகிறதென்று அதில் போட்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஜோதிலட்சுமி


ஒசாகா
14 டிசம்பர் 2024

பாசமுள்ள அக்காவுக்கு, நலம். நலமறிய ஆவல். மழைக்கு வீடு ஒழுகுகிறதா? கவியா பிளஸ் டூ எப்படிப் படிக்கிறாள்?

நீ எழுதியதை நாலைந்து தரம் படித்தேன். திட்டு உன் வாயால் கேட்பது போலவே இருந்தது.

போன வாரம் இன்னொரு கூட்டத்தோடு மறுபடி கோயா மலைக்குப் போனேன். மலை உச்சியில் ஒரே காடு. நம் பனையைப் போல இரண்டு மடங்கு உயர மரங்கள், அவற்றின் கீழே ஆயிரம் வருஷத்துக் கல்லறைகள், பாசி படிந்து ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு. ராஜாவும் இருக்கிறான், சமையல்காரனும் இருக்கிறான். கடைசியில் ஒரு மண்டபம், உள்ளே விளக்குகள் எரிந்தபடியே இருக்கும். அங்கே ஒரு சாமியார் சாகாமல் தியானத்தில் இருக்கிறார் என்று இவர்கள் நம்பிக்கை, தினமும் வேளை தவறாமல் அவருக்குச் சாப்பாடு கொண்டு போகிறார்கள். நம் ஆட்கள் செல்பி எடுக்கக் கூடாது என்றதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

இந்த ஊர் வழக்கம் வேறு அக்கா. எரித்த பிறகு எலும்பை நாற்பத்தொன்பது நாள் வீட்டுக்குள்தான் வைப்பார்கள், இருப்பதில் நல்ல இடமாகப் பார்த்து. காலையில் முதல் சோறு அதற்கு. அதனால் நானும் வைக்கிறேன். என் குக்கர் சோறு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், அம்மா வாயைத் திறந்து குறை சொல்ல முடியாத நிலை.

அனுப்புவதற்கு எம்பசி பேப்பர் வர வேண்டும். கொஞ்சம் பொறு. அம்மா எங்கே இருந்தால் என்ன, அவ்வளவு அவசரமா?

இப்படிக்கு,
உன் தம்பி கார்த்தி


வேடந்தாங்கல்
26 டிசம்பர் 2024

கார்த்திக்கு. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. கவியா படிக்கிறாள்.

எலும்பைக் கேட்டால் நீ கோயிலைப் பற்றி எழுதுகிறாய். நான் என்ன டூருக்கா வந்திருக்கிறேன்?

முந்தாநாள் மாமாவும் நானும் மெட்ராஸுக்குப் போய் உன் கம்பெனி ஆபீசில் கேட்டோம். டிக்கெட்டோடு எல்லோருக்கும் இன்சூரன்ஸ் போட்டிருந்தார்களாம். எங்கே செத்தாலும் உடம்பை வீட்டு வாசல்வரை கொண்டு வந்து சேர்ப்பது அவர்கள் பொறுப்பாம். ஒரு வாரத்தில் வந்திருக்குமாம். அந்த ஆபீசர் வாயால் சொல்கிறார்: "நாங்க அனுப்பறோம்னுதாம்மா சொன்னோம். உங்க தம்பிதான் வேணாம்னு கையெழுத்துப் போட்டாரு."

அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாயேடா. ஏன் வேண்டாம் என்றாய்? உடம்பு வந்தால் எதையோ பார்த்துவிடுவோம் என்று பயமா? மூச்சு வாங்குகிறவளை மலை மலையாக ஏற்றிக் கொன்றாயா? மாமா வழியெல்லாம் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார்: "ஒயுங்கா நடந்துகினு போன பொம்பள. இவன் இன்னா பண்ணான்னு இவனுக்குத்தான் தெரியும்."

எனக்கு அம்மா இனி இல்லை. அவள் எலும்பாவது எனக்கு வேண்டும். தை அமாவாசைக்குள் அது இங்கே வரவில்லை என்றால் எனக்குத் தம்பியும் இல்லை. பதில் ஒரே வரியில் போதும்.

ஜோதிலட்சுமி


ஒசாகா
7 ஜனவரி 2025

பாசமுள்ள அக்காவுக்கு, நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

ஆபீசில் சொன்னது நிஜம். கையெழுத்துப் போட்டது நான்தான். ஏன் என்று கேட்காதே. என் தப்பு என்றே வைத்துக்கொள். ஊரில் யார் கேட்டாலும் அப்படியே சொல், எனக்கு மனஸ்தாபம் இல்லை.

எங்கள் கம்பெனியில் என்னைப் போல இன்னொரு வழிகாட்டி ஷபானா. செங்கல்பட்டுப் பெண். பொங்கல் லீவில் வருகிறாள். அவளிடம் பெட்டியைக் கொடுத்திருக்கிறேன். பேப்பர் எல்லாம் சரியாக இருக்கிறது. லக்கேஜில் போட மாட்டேன், மடியிலேயே வைத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன் அக்கா. சின்ன வயசிலிருந்து உன்னிடம் பெரிசாக எதுவும் கேட்டதில்லை. கடலுக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் ஒரே ஒரு ராத்திரி பெட்டியை வீட்டுக்குள் வை. ஹாலில், சாமி படத்துக்குக் கீழே, நடுவீட்டில். காலையில் எழுந்து ஒரு பிடி சோறு வை. அவ்வளவுதான். நம் வழக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். மாமா ஒத்துக்கொள்ள மாட்டார் என்றும் தெரியும். இருந்தாலும் வை.

அறை இப்போது வெறிச்சென்று இருக்கிறது. இன்று காலை பழக்கத்தில் கூடுதலாக ஒரு டம்ளர் அரிசி போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
உன் தம்பி கார்த்தி


வேடந்தாங்கல்
20 ஜனவரி 2025

கார்த்திக்கு. எல்லோரும் நலம்.

மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் அந்தப் பெண் ஷபானா ஆட்டோவில் வந்தாள். உன் கடிதம் அதற்கு அப்புறம்தான் வந்தது. முன்னாலேயே வந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் நேராக வாசப்படி ஏறப் போனாள். மாமா குறுக்கே நின்றார். "யம்மா, இன்னாத்துக்கு வூட்டுக்குள்ள எடுத்துகினு போற? வயசுப் புள்ள கீற வூடு" என்றார். அவளுக்கு முகம் செத்துவிட்டது. "கார்த்தி தெனம் சோறு வெச்சாருங்க" என்று ஏதோ சொல்ல வந்தாள். நான் காபி கொடுத்தேன், குடிக்கவில்லை.

பெட்டியைப் பிரித்து, புதுச் சட்டியில் மாற்றி, மஞ்சள் துணி கட்டிப் புங்கமரத்தில் தொங்கவிட்டிருக்கிறோம். அப்பாவுடையது தொங்கிய அதே கிளைதான். இரண்டு நாளாக மழை. மேலே ஒரு பாலிதீன் கவர் போட்டிருக்கிறேன்.

நீ கேட்டது நடக்காது கார்த்தி. தீட்டு என்று ஒன்று இருக்கிறது. கவியாவுக்குப் பரீட்சை நேரம். ஜப்பான்காரன் வழக்கம் ஜப்பானோடு. இவ்வளவு பாசம் இருக்கிறவன் உயிரோடு இருந்தபோது அல்லவா அவளைப் பார்த்திருக்க வேண்டும்? நான்கு வருஷம் அவளை வைத்துக் கஞ்சி ஊற்றியவள் நான்.

ஜோதிலட்சுமி


ஒசாகா
21 ஜனவரி 2025

அக்காவுக்கு.

உன் கடிதம் இன்னும் வரவில்லை. ஷபானா போன் செய்தாள். மரத்தில் கட்டிவிட்டீர்கள் என்றாள். மழை பெய்கிறது என்றாள்.

கூட்டத்தை நாராவுக்கு அழைத்துப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். புத்தர் கோயில் தூண் ஒன்றில் கீழே ஒரு ஓட்டை இருக்கும். அதில் நுழைந்து வெளியே வந்தால் மோட்சம் என்பார்கள். எல்லோரும் வரிசையில் நின்று நுழைந்தார்கள், நான் வெளியே மான்கள் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டேன். அம்மா உட்கார்ந்த கல்லில் யாரோ ஒரு சின்னப் பெண் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தாள்.

அமாவாசைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்றைக்காவது உள்ளே எடுத்து வை. மாமா தூங்கின பிறகு வை. உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தால் போதும். அம்மா ஆஸ்பத்திரியில் கடைசியாக என்னிடம் என்ன சொன்னாள் என்று

விடு. எழுதி என்ன ஆகப் போகிறது. இது உன் கைக்கு வரும்போது அமாவாசையே முடிந்திருக்கும்.

கார்த்தி


வேடந்தாங்கல்
31 ஜனவரி 2025

தம்பி கார்த்திக்கு, நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தை அமாவாசை நல்லபடியாக முடிந்தது. மாமா வண்டியிலேயே பதினைந்து பேர் மகாபலிபுரம் போனோம். கோயிலுக்குத் தெற்கே, அப்பாவை விட்ட அதே இடம். கடற்கரை முழுக்கச் சனம், ஐயர் கிடைக்கவே ஒரு மணி நேரம் ஆனது. மோகன்தான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சட்டியைக் கவிழ்த்தான். அலை ஒரு தரம் கரைக்கே தள்ளியது, இரண்டாம் தரம் இழுத்துக்கொண்டது. எனக்கு மனசு லேசாகிவிட்டது. அம்மா அப்பாவோடு சேர்ந்துவிட்டாள்.

எல்லோரும் உன்னைத்தான் கேட்டார்கள். நான் மறைக்கவில்லை. மூச்சு வாங்குகிறவளை மலையேற்றினான், உடம்பையும் அனுப்பவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். நம் தாய்மாமன் காசிநாதன், "அவன் இந்த மண்ணுல கால் வெச்சா நானே வெட்டுவேன்" என்று கத்தினார். கோபத்தில் சொல்கிறார், ஆறும். எனக்கு உன்மேல் கோபம் பாதி போய்விட்டது. கேட்டதைக் கடைசியில் அனுப்பிவிட்டாய் இல்லையா.

உன் அக்கா ஜோதி

பின்குறிப்பு: 21ஆம் தேதிக் கடிதம் இப்போதுதான் வந்தது. பாதியில் நிறுத்தியிருக்கிறாய். என்ன சொன்னாள் அம்மா?


வேடந்தாங்கல்
8 மார்ச் 2025

அன்புத் தம்பி கார்த்திக்கு. நீ சுகமா? ஒரு மாதத்துக்கு மேலாக உன்னிடமிருந்து வரி இல்லை. போன் போட்டேன், பிளாக்கை எடுத்துவிட்டுப் போட்டேன், நீ எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு கார் நின்றது. ஊரப்பாக்கத்து எல்லம்மாள். டூரில் அம்மாவோடு ஒரே ரூமில் தங்கியவர். மகன் குடும்பத்தோடு பறவை பார்க்க வந்தவர், விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். உட்கார்ந்ததும் உன்னைப் பற்றித்தான் பேசினார், தங்கமான பிள்ளை என்று. நான் சும்மா இருந்திருக்கலாம். "அந்தத் தங்கந்தான் எங்கம்மாவக் கொன்னது" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். அப்புறம் சொன்னார்: "இன்னா பேச்சு பேசற நீ? கோயா மலைல நாங்க தங்குன சத்திரத்துக்குப் பக்கத்து வூட்ல ஒரு கெழவி, புருஷன் எலும்ப நடுவூட்ல வெச்சி சோறு போட்டுகினு இருந்தா. ஒங்கம்மா அதையே பாத்துகினு நின்னுது. ராவெல்லாம் தூங்கல. 'இந்த ஊர்ல செத்தவங்களக்கூட உள்ள வெச்சிக்கிறாங்க எல்லம்மா, என்னை உயிரோட வெளிய போட்டாங்க'ன்னு அழுதுது. ஆஸ்பத்திரில நான் பக்கத்துலதான் இருந்தேன். இது ரொம்ப மாசமா கீற நோவுன்னு டாக்டரு சொன்னாரு. காலெல்லாம் வீங்கிக் கெடந்துது, நீ பாக்கவே இல்லியா? பையன் கையப் புடிச்சிகினு சொல்லுது, 'என்னை அங்க அனுப்பாதடா. செத்தும் மரத்துல தொங்க என்னால ஆவாது. உன் ரூம்லயே வெச்சிக்கோ. அக்காகிட்ட சொல்லாத, அது தாங்காது'ன்னு."

மாமா அங்கேயேதான் நின்றிருந்தார். அவர் வெளியே போய்விட்டார். எல்லம்மாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார்.

இருமல் சத்தத்தில் கவியா படிக்க முடியவில்லை என்றுதான் பின்பக்கத்துத் தகர ஷீட் அறைக்கு மாற்றினோம். பரீட்சை முடியும்வரை என்றுதான் சொன்னோம். அது பத்தாவது பரீட்சை. இப்போது பன்னிரண்டாவது.

அவர்கள் போனதும் அந்த அறைக்குள் போனேன். மத்தியான வெயில். டயர்களை நகர்த்திவிட்டு அவள் கட்டில் கிடந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். என்னால் முடியவில்லை, சீக்கிரமே வெளியே வந்துவிட்டேன். தினமும் வாசலில் நின்று தட்டை நீட்டியிருக்கிறேன், ஒரு நாளும் உள்ளே போய் உட்கார்ந்ததில்லை.

அவள் சொன்னது உண்மையா கார்த்தி? நீ என்னைத் திட்டியாவது எழுது.

உன் அக்கா ஜோதி


ஒசாகா
22 மார்ச் 2025

பாசமுள்ள அக்காவுக்கு, நலம். மூன்று பேரும் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா?

உண்மைதான். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நீ அந்த வீட்டில் மாமாவோடு வாழ வேண்டியவள். நான் இங்கே ஒண்டி ஆள், பழியைப் போட்டுக்கொண்டால் போகட்டும் என்று நினைத்தேன். ஆனால் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. நீ தம்பியே இல்லை என்று எழுதியதும் பயந்துபோய் அனுப்பிவிட்டேன். அவளை நானேதான் திரும்ப அந்த மரத்துக்கு அனுப்பினேன். உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை.

டூர் சீசன் தொடங்கிவிட்டது. செர்ரிப் பூ. கூட்டத்தை எல்லாக் கோயிலுக்கும் அழைத்துப் போகிறேன், நாராவுக்கு மட்டும் ஷபானாவை மாற்றி அனுப்பச் சொல்லிவிட்டேன்.

ஐப்பசியில் வருஷத் திதி வருகிறது. லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுத்திருக்கிறேன். திதியை நான் வந்து கொடுக்க வேண்டும் அக்கா, மோகன் இல்லை. மாமாவைப் பற்றியோ அறையைப் பற்றியோ ஊரில் ஒரு வார்த்தை பேச மாட்டேன். நீ ஒன்று மட்டும் செய். கார்த்தி கொல்லவில்லை, அம்மாவுக்கு முன்பே நோவு இருந்தது என்று நாலு பேர் காதில் விழும்படி சொல். அது போதும், நான் தலை நிமிர்ந்து வந்து செய்துவிட்டுப் போய்விடுவேன்.

உன் தம்பி கார்த்தி


வேடந்தாங்கல்
14 ஏப்ரல் 2025

அன்புத் தம்பி கார்த்திக்கு, அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கே நீயும் நலமாக இருக்க வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டேன். இன்று வருஷப் பிறப்பு.

உன் கடிதம் வந்த அன்றே மாமாவிடம் சொன்னேன். ஊரில் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன். அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார்: "முன்னாடியே நோவுன்னு நீ சொன்னா, ஏன் ஆஸ்பத்திரிக்கி இட்டுனு போவலன்னு கேப்பாங்க. எங்க படுத்துகினு இருந்துதுன்னு கேப்பாங்க. நாளைக்கி கவியாவ எவன் வந்து கேப்பான்? மாமியாள டயரோட போட்ட வூடும்பான்." கவியா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் என்னிடம் பேசி ஒரு வாரம் ஆகிறது.

இருந்தாலும் சொல்லத்தான் நினைத்தேன். பங்குனி உத்திரத்துக்குக் கோயிலில் கூட்டம். காசிநாதன் மாமா, மோகனின் அம்மா, எல்லோரும் இருந்தார்கள். "திதிக்கு வரானாமே, எந்த மூஞ்ச வெச்சிகினு வருவான்?" என்று மோகனின் அம்மா கேட்டாள். அதைவிட நல்ல சமயம் வராது. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தேன் கார்த்தி. "வரமாட்டான்" என்றுதான் வந்தது.

"அப்படிச் சொல்லு, தப்பு செஞ்சவன் எப்படி வருவான்" என்றாள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அதனால் லீவை ரத்து செய்துவிடு. ஊரில் உன்னைப் பற்றிச் சொல்லியிருப்பது அப்படியே இருக்கட்டும். திதியை மோகன் கொடுப்பான், நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறேன். நீ வந்தால் உன் முகத்தைப் பார்த்து நான் சொல்லிவிடுவேன், சொல்லிவிட்டால் இந்த வீட்டில் எனக்கு இடம் இல்லை. போவதற்கு எனக்கு அம்மா வீடும் இல்லை.

நீ என்னை மன்னிக்க வேண்டாம். வராமல் இருந்தால் போதும்.

உன் அக்கா
ஜோதி